தாங்கிக் கிளையை மறுத்தனுப்ப வேண்டும் ஓலை

மழை பிழையாதிருக்க. இரட்டையாறு இரு கரையும் தொட்டு ஓடுக, கரை கடவாதிருக்க. இரு நாட்டு உழவரும் ஒரே வெயிலில் ஏர் பூட்டுக.

குன்றவாணர் நாட்டின் ஆட்டநெறி அமைச்சரும், நானூறு களம் கண்டவரும், கவறு கையில் எடுக்குமுன் எதிரியின் முகம் படிப்பவர் என்று எதிர்க்கரையாராலும் புகழப்படுபவருமாகிய நல்லெயினர் திருமுன்பு, மருதவாயில் நாட்டின் ஆட்டநெறி அமைச்சன் பெருங்கோடன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மன்னர் குன்றவேள் மாவளத்தார் நலமே வாழ்க. தங்கள் இளவரசர் பொலங்கிரியார் நீடு வாழ்க. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற ஓலையில் அதைப் பற்றிக் கேட்க மறந்துபோனேன். மறந்தவை வேறும் உண்டு. அவற்றைச் சொல்லவே இந்த ஓலை.

இதை முன்பே மூன்று முறை எழுதி மூன்று முறை முறித்துப் போட்டேன். முதல் ஓலையில் பணிவு மிகுந்து செய்தி மறைந்துபோயிற்று. இரண்டாம் ஓலையில் செய்தி தெளிவாக இருந்தது, ஆனால் சூழ்ச்சிபோல் ஒலித்தது. மூன்றாவதில் எழுத்தாணியை அழுத்தி எழுதியதில் ஓலை கிழிந்தது. ஆகவே இந்த நான்காவதில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இவ்வோலை தங்கள் அவையில் உரக்கப் படிக்கப்படும், ஆட்டம் அறியாதவரும் கேட்டிருப்பர் என்பதால், தாங்கள் நன்கறிந்த சிலவற்றையும் கூறவேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நம் இரு நாடுகளுக்கும் நடுவே ஆற்றில் கிடக்கும் தீவாகிய துருத்தி யாருடையது என்பதை முப்பத்தாறு ஆண்டுகளாக வாளால் அன்றிக் கதையாட்டத்தாலேயே முடிவு செய்துவருகிறோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஆவணி முழுமதியன்று, நம் பக்கம் ஐவரும் தங்கள் பக்கம் ஐவரும் பலகையைச் சுற்றி அமர்வர். இரு நாட்டுக்கும் பொதுவான களஞ்சொல்லி ஒருவர், இது காடு, இது வெள்ளம், இது இடிந்த கோட்டை என்று சூழலைச் சொல்லிக்கொண்டு போவார். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு நிலையை ஏற்பர்: வாளர், வில்லர், மருத்துவர், ஒற்றர். ஒவ்வொரு நிலைக்கும் கிளைகள் உண்டு. விரைவாளர் என்பது வாளரின் ஒரு கிளை. மலைவில்லர் என்பது வில்லரின் ஒரு கிளை. ஆடுபவர் எவருக்கும் முப்பது உயிர்மணி. வாளடி விழுந்தால் உருட்டும் பகடைகளான இரு கவறும் சேர்ந்து காட்டும் எண்ணளவு மணி போகும். மணி தீர்ந்தவர் பலகையை விட்டு எழவேண்டும்.

புதுக் கிளை ஒன்றை ஒரு நாடு உண்டாக்கலாம். உண்டாக்கிய நாடு மட்டுமே முதல் மூன்றாண்டு அதை ஆடலாம். ஆனால் களத்துக்கு நாற்பது நாள் முன்பே அதன் விதிகளை மற்ற நாட்டுக்கு எழுதியனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் கிளை நிலைத்துவிடும். நிலைத்தபின் உண்டாக்கியவர் அதைத் திரும்பப் பெறமுடியாது. ஓர் எழுத்தைக்கூட மாற்றமுடியாது. பெற்ற நாடு மட்டும், தன் பலகையில் ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டால், களத்துக்கு ஏழு நாள் முன்புவரை மறுத்தனுப்பலாம். கேள்வியுற்ற குற்றம் போதாது, பிறர் சொல்லிய குற்றமும் போதாது, ஆடிக் கண்ட குற்றமே குற்றம் என்று உடன்படிக்கையில் இருப்பதைத் தாங்களே எனக்கு ஒருமுறை சுட்டிக்காட்டினீர்கள். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அந்த வரியைத்தான் பற்றிக்கொண்டு நிற்கிறேன்.

இவ்வாண்டு நாங்கள் அனுப்பிய கிளையின் பெயர் தாங்கி. வாளர் நிலையின் கிளை. எங்கள் இளவரசியார் அல்லியங்கோதையார் முதன்முறையாக இக்களத்தில் அமரப்போகிறார் என்பதால் அவர் ஆடுவதற்கென்றே அதை அமைத்தேன்.

அதன் கருத்து இது. அருகில் நிற்கும் துணைவர்மேல் விழும் அடியைத் தாங்கி தன்மேல் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்ற அடி ஒன்றுக்கு ஒரு கரிய மணியைத் தன் முன் வைக்கலாம். அதற்கு வடுமணி என்று பெயர். பிறகு தான் அடிக்கும்போது வடுமணி ஒன்றுக்கு மூன்று வீதம் தன் அடியில் கூட்டிக்கொள்ளலாம். முதலில் எழுதியபோது மூன்று தடைகள் வைத்திருந்தேன். அடியைத் தாங்கினால் அடுத்த முறையை இழக்கவேண்டும். வடுமணி மூன்றுக்கு மேல் சேர்க்கக்கூடாது. ஒருமுறை கூட்டிய வடுமணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த அளவில் தாங்கி ஐந்தாம் அடியில் விழுவார். கவறு சராசரியாக விழுந்தால், விழுமுன் அவர் கொடுக்கக்கூடிய பெரிய அடி பதினாறு அளவில் நிற்கும். இது நேரான கிளை என்று அப்போதும் எண்ணினேன். இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் இப்போது எண்ணுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதைக் கீழே படித்தபின் தாங்களே முடிவு செய்க.

புதுக் கிளையை இருபத்தொரு களம் ஆடிச் சோதிப்பது எங்கள் வழக்கம். இளவரசியார் நால்வர் துணையோடு தாங்கியாக அமர்ந்தார். எதிரே எங்கள் அவையோர் ஐவர் அமர்ந்தனர். படைத்தலைவர் வயிரக்கோவனார் அவர்களுள் முதல்வர். நான் ஏடும் எழுத்தாணியுமாகப் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு களத்திலும் எத்தனை சுற்று, எத்தனை அடி, எத்தனை வடுமணி, யார் கடைசியில் எஞ்சினார் என்று பத்தி பத்தியாக எழுதினேன். இருபத்தொரு களத்திலும் தாங்கி ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் ஒரு களத்துக்கு ஒரு வடுமணி, மிஞ்சிப் போனால் இரண்டு. அவர் கொடுத்த அடியின் சராசரியோ மற்ற வாளர் கிளைகளின் அடியில் பாதிதான். கிளை நலிந்துகிடக்கிறது என்று முடிவு செய்தேன். ஏழு களம் முடிந்ததும் முதல் தடையை எடுத்தேன். எண்ணிக்கை அசையவில்லை. பதினான்கு முடிந்ததும் மற்ற இரு தடைகளையும் எடுத்தேன். வடுமணிக்கு எல்லையும் இல்லை, கூட்டியபின் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அப்போதும் அசையவில்லை. கடைசியில் ஒவ்வொரு வடுமணிக்கும் நான்கு உயிர்மணி மீளும் என்று ஒரு வரியையும் சேர்த்தேன். சேர்த்த வரியை முத்திரையிட்டுத் தங்களுக்கு அனுப்பினேன்.

பத்தாம் நாளில் தங்கள் மறுமொழி வந்தது. "தங்கள் தாங்கியை எங்கள் இளவரசர் பொலங்கிரியாரே பலகையில் அமர்ந்து ஒன்பது களம் ஆடிப் பார்த்தார். தீங்கு ஏதும் காணவில்லை. சுமக்க ஆள் மிகுந்திருந்தால் எங்கள் சமையற்கட்டுக்கும் இருவரை அனுப்புக" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அவையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஓலையை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

இன்றைக்கு நான்கு நாளுக்கு முன், அவைக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபடியால், கீழைவாயில் சுங்கச் சாவடியில் பலகையை விரித்திருந்தோம். எதிரணியில் ஒற்றராக ஆடவேண்டிய கோயில் ஓதுவார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஓர் ஆள் குறைந்தது. சாவடி வாசலில் அச்சு முறிந்த உப்பு வண்டி ஒன்று நின்றது. அதன் உடையவள் கொற்றி என்னும் உமணப்பெண், தச்சன் வரும்வரை பொழுதுபோகாமல் எங்கள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியுமாவா. எங்க வண்டிக் கூட்டத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்பகூட இதான். ஒற்றனெல்லாம் எனக்குச் சரிவராது, ஒளிஞ்சு ஒளிஞ்சு போகணும். வாளக் குடுங்க" என்றாள். வயிரக்கோவனார் முகத்தைச் சுளித்தாலும் வாளைக் கொடுத்துத் தாம் குறுவாளோடு ஒற்றராக மாறிக்கொண்டார். இளவரசியார் அன்று குதிரைப் பயிற்சி முடித்து வந்த சாதாரண உடையில் இருந்தார். அவர் யார் என்று ஒருவரும் கொற்றிக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. அவரை அறியாதவர் இந்நாட்டில் இருப்பர் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு சுற்று போயிற்று. கொற்றி தன் முறை வந்தும் கவற்றை உருட்டாமல் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கூறியதை அவள் சொற்களிலேயே எழுதுகிறேன், ஏனெனில் அதைத் திருத்தி எழுதினால் குற்றம் தெரியாது.

"ஏன் கண்ணு, எல்லாரும் உன்னச் சுத்திச் சுத்திப் போறாங்க. நீ என்ன நடுவீட்டுல வச்ச அம்மன் செலையா? இந்த மீசைக்காரரு உன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு அந்தப் புளியமரத்த வெட்டுறாரு. மரம் என்ன பண்ணுச்சு பாவம்."

நல்லெயினரே, அது உண்மை. படைத்தலைவர் பலகையில் இளவரசியாரின் அருகே வரும்போதெல்லாம் களஞ்சொல்லி சொன்ன மரத்தையோ மதிலையோ வெட்டினார். பழைய ஏட்டை அன்று மாலை புரட்டிப் பார்த்தேன். இருபத்தொரு களத்தில் மொத்தம் பதினேழு மரங்கள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓரக்குறிப்பாக என் கையால் எழுதியிருக்கிறேன். எத்தனை அடி என்ற பத்தி என் ஏட்டில் இருந்தது. யார்மேல் விழுந்த அடி என்ற பத்தி இல்லை. படைத்தலைவரைக் கேட்டபோது, "இளவரசியார் திருமேனிமேல் ஓங்க என் கை எழாது, அது பலகையாக இருந்தாலும்" என்று மறுமொழி கூறினார். மற்றவர்களும் தலையாட்டினர். இளவரசியார் பக்கத்தில் நின்ற துணைவரையும் அவர்கள் அடிக்கவில்லை. அடித்தால் தாங்கி அதை ஏற்றுக்கொள்வாரே, அதுவும் அவர்மேல் விழுந்ததாகத்தானே ஆகும் என்றனர். ஆகவே, அடி தாங்குவதற்கென்றே அமைத்த கிளைமேல் இருபத்தொரு களத்திலும் எவரும் அடிக்கவில்லை. ஏதோ சில கவறு தவறிப் புரண்டதில் விழுந்த அடிகள்தாம் நான் கண்ட வடுமணிகள். அடிவாங்காத தாங்கிக்குப் பலம் போதவில்லை என்று நான் மருந்து மேல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொற்றி அடித்தாள். அவள் அடித்ததைப் பார்த்துச் சாவடியில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். இளவரசியார் அவரைக் கையமர்த்தி அமரச்செய்து, முதல் வடுமணியைத் தம் முன் வைத்தார். கொற்றி மறுபடி அடித்தாள். கொற்றி அடிப்பதைக் கண்டு அவள் பக்கத்து வில்லரும், அவையோருள் இளையவர், துணிந்து அடித்தார். எட்டு அடி விழுந்தது. நான்கு நான்காக உயிர்மணி மீண்டுகொண்டே வந்தபடியால், ஐந்தில் விழவேண்டிய இளவரசியார் எட்டிலும் நின்றார். மருத்துவர் ஒருவர் துணையிருந்தார். அவர் கைவைத்ததும் பாதி மீண்டுவிட்டது. பிறகு எங்கள் இளவரசியார் அடித்தார். எட்டு வடுமணிக்கு இருபத்து நான்கு, கவற்றில் ஏழு, மொத்தம் முப்பத்தொன்று. ஒரே அடியில் கொற்றியின் வாளர் முழு உயிரோடு இருந்தவர் பலகையை விட்டு எழுந்தார். வடுமணி திருப்பிக் கொடுக்கவேண்டாம் அல்லவா. அடுத்த அடியில் வில்லர். ஆறு அடியில் ஐவர்.

கொற்றி கவற்றைத் தள்ளி வைத்தாள். "இது என்ன ஆட்டம்? அடிச்சா பலமாவுறா, அடிக்கலேன்னா சும்மா நிக்கிறா. எதிர்ல உக்காந்தவங்க வீட்டுக்குப் போயிடலாமா? இத எழுதுனவரு யாரு, ஒருநாளும் அடிவாங்காத ஆளா இருப்பாரு போல" என்றாள். எழுதியவன் நான் என்று கையை உயர்த்தினேன்.

அதற்குப் பிறகுதான் வயிரக்கோவனார் பொறுக்கமாட்டாமல், நீ யாரை அடித்தாய் தெரியுமா என்று அவளை அதட்டி, இளவரசியார் பெயரைச் சொன்னார். கொற்றி அவர் பக்கம் திரும்பினாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. இத்தன அடி அடிச்சப்புறமா சொல்றது" என்று அவரையே திருப்பிக் கேட்டாள். பிறகு இளவரசியாரைப் பார்த்து, "தாயி, வெளிய நீங்க எளவரசி, நான் விழுந்து கும்புடுறேன். இந்தப் பலகையில உங்களுக்கும் முப்பது மணி, எனக்கும் முப்பது மணி. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது. தப்புன்னா சொல்லுங்க, வண்டிய இழுத்துக்கிட்டுப் போயிடுறேன்" என்றாள்.

இளவரசியார் தம் முன் இருந்த எட்டுக் கரிய மணியையும் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இருபத்தொரு களத்தில் தாம் வென்றவை எத்தனை என்று கேட்டார். பதினெட்டு என்றேன். அவற்றுள் எத்தனை தம்முடையவை என்று கேட்டார். என் ஏட்டில் அதற்குப் பத்தி இல்லை என்று கூறினேன். தாம் சிறுவயது முதல் இந்த ஆட்டத்தில் வல்லவர் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வளர்ந்ததாகவும், அதை இன்றுவரை நம்பியிருந்ததாகவும், குரல் உயர்த்தாமல் உரைத்தார். அருகில் நின்ற படைத்தலைவர் தலைகுனிந்தார். அந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்போது தங்கள் ஓலைக்கு வருகிறேன். தங்கள் பலகையில் தாங்கியாக அமர்ந்தவர் இளவரசர் பொலங்கிரியார். ஒன்பது களத்தில் தீங்கு காணவில்லை என்று எழுதினீர்கள். கோபம் கொள்ளாமல் ஒன்றைக் கேட்க அனுமதி வேண்டுகிறேன். அந்த ஒன்பது களத்தில் தங்கள் அவையோர் அவரை அடித்தார்களா? ஏட்டைப் பார்க்கும்போது அடியின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, யார்மேல் என்பதைத் தேடுக. தங்கள் நாட்டில் மரங்கள் குறைவு, பாறைகள் மிகுதி என்று அறிவேன். எத்தனை பாறை உடைந்தது என்று எண்ணுக.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மன்னர் மாநெடுஞ்சேயார் வடவெல்லைப் பாசறைக்குச் செல்லுமுன், கடந்த இரு முறையும் துருத்தி கைநழுவியதைக் குறிப்பிட்டு, இம்முறையும் நழுவினால் நான் இந்த இருக்கையைத் தேடி வரவேண்டாம் என்று கூறிச் சென்றார். சாவடியில் நடந்ததை அவருக்கு அன்றே எழுதினேன். மறுமொழி வரவில்லை. வந்தால் என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். கிளை நிலைத்துவிட்டது, உடன்படிக்கையை நாம் மீறவில்லை, அவர்களே ஏற்றுக்கொண்டார்கள், வாயை மூடிக்கொண்டு ஆடுக என்றுதான் வரும். சொல்லுக்குச் சொல் அது சரிதான். ஒரு விதியையும் நாங்கள் மீறவில்லை. இதை எண்ணி எண்ணி நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன், அமர்ந்தால் கவற்றை எடுத்து உருட்டிக் கணக்குப் போடுகிறேன், போட்ட கணக்கை நம்பாமல் மறுபடி போடுகிறேன்.

முழுமதியன்று நடக்கப்போவது என் கண்முன் நிற்கிறது. தங்கள் ஐவர் நேராக ஆடுவர். அவர்களுக்கு எங்கள் இளவரசியார்மேல் ஓங்கத் தயக்கம் இராது. அடிப்பர். ஆறு அடியில் ஐவரும் எழுவர். துருத்தியில் குடியிருக்கும் இருநூற்று நாற்பது வீட்டாரும் கரையில் நின்று அதைப் பார்ப்பர். ஒரு நாழிகை கழித்து யாராவது ஒருவர் இது ஆட்டமா என்று கேட்பார். இருபத்தோர் ஆண்டுக்கு முன் நச்சுவில்லர் கிளையால் தங்கள் பக்கம் வென்றபோது எங்கள் பக்கத்தில் ஒருவர் அதைக் கேட்டார். பலகை கவிழ்ந்தது. மறுநாள் படகுத்துறையில் பதினொருவர் கிடந்தார்கள். அவர்களுள் ஏழு பேர் எங்கள் நாட்டார், நான்கு பேர் தங்கள் நாட்டார். துறையில் கிடந்தபோது பிரித்தறிய முடியவில்லை என்று சொல்வார்கள். அந்தக் கிளைக்குப் பிறகுதான் மறுப்புரிமையே எழுதப்பட்டது. அதைத் தாங்கள் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நானும் தங்களுக்கு நினைவூட்டுவதாக எண்ணவேண்டாம்.

இளவரசியாரிடம் இவ்வளவும் கூறி, மன்னர் இல்லாதபோது அரச முத்திரை அவர் கையில் இருப்பதையும், இந்த ஓலைக்கு அதை இட்டால் மன்னரின் சினம் யார்மேல் விழும் என்பதையும் எடுத்துரைத்தேன். அமைச்சனாகிய என் முத்திரை மட்டும் போதுமா என்று கேட்டார். போதாது, மன்னர் ஒப்புதலின்றி அமைச்சன் முத்திரையோடு மட்டும் எதிர்நாட்டுக்குச் செல்லும் இத்தகைய ஓலை நாட்டுக்குச் செய்யும் இரண்டகம் ஆகும் என்றேன். அப்படியானால் தாம் இடுவதாகவும், தந்தையார் கேட்டால் தாமே பேசிக்கொள்வதாகவும் கூறினார். அரச முத்திரையின் பொருட்டு நான் மேலும் சில எச்சரிக்கைகள் கூறத் தொடங்கினேன். பெருங்கோடனாரே, போதும், எழுதுக என்றார்.

கிளையைத் திருத்தியும் வைத்திருக்கிறேன். தாங்கள் மறுத்தனுப்பினால்தான் அதைப் புதிதாக அனுப்பமுடியும். களம் நெருங்கிவிட்டபடியால் இந்த ஆவணிக்கு அது உதவாது. அடுத்த முறைக்கு ஆகலாம். ஆயினும் எழுதிவிடுகிறேன், ஆட்டநெறி அறிந்தவர் ஒருவர் பார்த்தால் எனக்கு மனம் அடங்கும். முதல் மூன்று தடைகளையும் மீண்டும் வைத்தேன். உயிர்மணி மீளும் வரியை அடித்துவிட்டேன். இதோடு கொற்றி ஒன்று சொன்னாள்: "எத்தன கட்டம் தள்ளி நிக்கிறவனுக்கு வர்ற அடிய இவ வாங்கலாம்? மூணா? அத ரெண்டாக்குங்க. அப்பத்தான் எதிராளி யோசிச்சு, அவகிட்ட இருந்து ஆளப் பிரிச்சு இழுத்துட்டுப் போய் அடிக்கலாம். எல்லாத்துக்கும் ஒரு சந்து விடணும் சாமி, இல்லேன்னா எதிர்ல உக்காந்தவன் எதுக்கு உக்காரணும்." முப்பதாண்டு இத்தொழிலில் இருக்கிறேன். அந்தச் சந்து எனக்குத் தோன்றவில்லை. மூன்றை இரண்டாக்கினேன். அந்த அளவில் இளவரசியாரும் கொற்றியும் நான்கு களம் ஆடினர். இளவரசியார் இரண்டில் வென்றார், இரண்டில் விழுந்தார். நான்கு களம் போதாது என்பதை அறிவேன். இரண்டும் இரண்டும் என்பது கவற்றின் தற்செயலாகவும் இருக்கலாம். குறைந்தது ஒன்பது களம் ஆடவேண்டும். ஆனால் வண்டியின் அச்சு மாற்றியாயிற்று, கொற்றி புறப்படவேண்டும், ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஆறு நாளில் வண்டி ஏற்றும் ஓடம் நிற்கும் என்கிறார்கள்.

ஆகவே இவ்வோலையைக் கொற்றியின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். குதிரைத் தூதன் இரண்டு நாளில் வந்துவிடுவான். உப்பு வண்டிக்கு ஐந்து நாளாகும். ஆனாலும் தூதன் தங்கள் இளவரசரை அடிக்கமாட்டான். அவன் ஓலையைக் கொடுத்து மூன்று முறை வணங்கிவிட்டு வந்துவிடுவான், தாங்களோ எங்கள் சொல்லைக் கேள்வியுற்றவர் மட்டுமே ஆவீர்கள், உடன்படிக்கைப்படி மறுக்கமுடியாது. தங்கள் பலகையில், தங்கள் கண்முன், தங்கள் ஏட்டில் குற்றம் தெரியவேண்டும். அதற்கு அடிக்கத் தயங்காத ஒரு கை வேண்டும். எங்கள் நாட்டில் அப்படி ஒரு கையைக் கண்டேன், அதை அனுப்புகிறேன்.

இதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகத் தங்கள் அவையில் கூறுவர். கிளையை அனுப்பிவிட்டுப் பயந்து திரும்பக் கேட்கிறான், உண்மையில் அது நிலைப்பதே நமக்கு நல்லது என்பர். அல்லது, கிளையில் ஏதோ குறை கண்டுவிட்டான், ஆகவே நம் கையால் மறுக்கவைக்கிறான் என்பர். இரண்டையும் நானே தங்கள் இடத்தில் இருந்தால் கூறியிருப்பேன். பதில் ஒன்றுதான் இருக்கிறது: என்னை நம்பவேண்டாம், ஆடிப் பாருங்கள்.

இனி வேண்டுவனவும் விதிப்பனவும்.

இவ்வோலை கொணரும் உமணப்பெண் கொற்றியை ஆற்றுத்துறைக் காவலர் தடையின்றிக் கடத்திவிடுக. அவளுடைய உப்பை நனையாது காக்க. தங்கள் அவையில் பலகை விரித்து, இளவரசர் பொலங்கிரியாரைத் தாங்கியாகவும் கொற்றியை எதிரே வாளராகவும் அமர்த்துக. நாங்கள் முத்திரையிட்டு அனுப்பிய விதிப்படியே, திருத்திய விதிப்படி அன்று, ஆடுக. அவள் பலகையில் அமர்ந்தபின் எவரையும் வணங்கமாட்டாள். அதைக் குற்றமாகக் கொள்ளற்க. அவள் அடிக்கும்போது எவரும் எழுந்து நிற்கற்க. அவள் சொல்வதை எழுத்தர் எழுதிக்கொள்க; அவள் நிறையச் சொல்வாள். தங்கள் ஏட்டில் யார்மேல் என்னும் பத்தியை இன்றே வரைந்துகொள்க. குற்றம் கண்டால் களத்துக்கு ஏழு நாள் முன்பாக மறுப்போலை எழுதியனுப்புக. அதோடு தங்கள் நாட்டிலிருந்தும் கொற்றியைப் போன்ற ஒருவரை எங்களுக்கு அனுப்புக. அவர் பெரியவர் ஆயினும் சிறியவர் ஆயினும் எங்கள் சாவடியில் அவருக்குச் சோறும் பலகையும் உண்டு. அவர் இளவரசியாரை அடிக்கும்போது எங்கள் படைத்தலைவர் அறையில் இருக்கமாட்டார்; அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதி முடித்து இளவரசியாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, கீழ்வரும் வரிகளைத் தம் கையாலேயே எழுதினார். எழுத்து என்னுடையது அன்று. பிழை இருந்தாலும் திருத்தவில்லை.

"குன்றவாணர் நாட்டு ஆட்டநெறி அமைச்சர்க்கு அல்லியங்கோதை எழுதுவது. இருபத்தொரு களத்தில் நான் விழவே இல்லை. கொற்றியிடம் இரண்டு முறை விழுந்தேன். முதல் முறை, மருத்துவரிடமிருந்து விலகி முன்னே போனதால். இரண்டாம் முறை, என் துணைவர்களை அவள் ஒவ்வொருவராக இழுத்துப் பிரித்ததை நான் கவனிக்காததால். மூன்றாம் முறை விழாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். முழுமதிக்குப் பத்தொன்பது நாளே இருக்கிறது. தாங்கிக் கிளை என்னிடம் இருக்கும்வரை நான் யோசிக்கவேண்டிய தேவை இராது. ஆகவே மறுத்தனுப்புக. நான் வெறும் வாளராக அமர்கிறேன். வாளர்க்கான பழைய விதிகளை நேற்று முதல் படித்துக்கொண்டிருக்கிறேன். தங்கள்மேல் ஆணையிட எனக்கு உரிமை இல்லை. இருந்தால் இட்டிருப்பேன்."

மருதவாயில் அரசின் மீனும் மருதும் பொறித்த முத்திரை, இளவரசியார் கையால், மெழுகு ஆறுமுன் இடப்பட்டது. ஓலை எழுதிய கை பெருங்கோடன். கொணர்வாள் கொற்றி. பிரித்தவர் படித்து முடித்து, பலகை விரித்தபின் மறுமொழி எழுதுக.